மிசாவோ பிரித்த தையல்

வியாழக்கிழமை பிற்பகல்களில் ஊர்ப் பொதுமன்றத்தின் மாடியில் நடக்கும் சஷிகோ என்னும் கைத்தையல் வகுப்பில் டொகாஷி யசுஜி ஒருவர்தான் ஆண். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கடலோரப் பாதையில், மேற்குக் காற்றில் குனிந்தபடி, கட்டைகளையும் ஆணிகளையும் பார்த்துக்கொண்டே நடந்து வயதானவர். நீலத் துணியில் அவர் போட்ட முதல் வரிசையைப் பக்கத்து இருக்கை ஹொம்மா சான் எட்டிப் பார்த்தார். கணவர் இறந்தபிறகும் அவரை நல்லபடியாகத் திட்டிக்கொண்டே பச்சை மொச்சை பயிரிடுகிற பெண்மணி அவர்.

"என்ன டொகாஷி சான், இதுல ரயில் விடப் போறீங்களா? இவ்வளவு நேராத் தைச்சா எங்களையெல்லாம் டீச்சர் வெளிய அனுப்பிடுவாங்க."

"நேரா இருக்கு, ஆனா இறுக்கமா இருக்கு" என்றார் டீச்சர் இகராஷி. நாற்பது வயதைத் தாண்டியவர். கப்பல் கம்பெனி அலுவலகத்தில் இருந்தபோது விடுமுறை நாட்களில் கற்றுக்கொண்டு, பிறகு இதையே தொழிலாக்கிக்கொண்டவர். "ஊசியைத் தள்ளாதீங்க. ஊசி சும்மா நிக்கட்டும், துணியைக் கொண்டுபோய் அதுல கோத்துக்கிட்டே வாங்க. நூலை இழுத்ததும் பெருவிரலால நல்லா நீவி விடணும். இல்லேன்னா ஒரு தடவை துவைச்சதும் துணி அப்பளம் மாதிரி சுருண்டுக்கும்."

யசுஜி நீவிவிட்டார். நூல் துணிக்குள் தளர்ந்து படிந்தது.

"கடைசியில முடிச்சு எங்க போடறது?"

"முடிச்சே கிடையாது. ஆரம்பிக்கும்போது நாலு தையல் பின்னால போய், அது மேலயே திரும்பி வரணும். முடிக்கும்போதும் அப்படித்தான். முடிச்சு போட்டா உறுத்தும். துணி முதல்ல தேயறதும் அந்த இடத்துலதான்."

"முடிச்சு இல்லேன்னா உருவிக்கிட்டு வந்துடாதா?"

"யாராவது வேணும்னே இழுத்தா வரும். யார் இழுக்கப் போறாங்க?"

யசுஜி ஊசியில் அடுத்த நூலைக் கோத்தார். எதற்காக இந்த வயதில் தையல் என்று கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அவருடைய மனைவி மிசாவோ, ஊரிலிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் திருத்தப் பிரிவில் வேலை பார்த்தவள். தையல் லைன்களில் தவறாகத் தைத்த உடுப்புகள் அவள் மேசைக்கு வரும். தையலைப் பிரித்து, துணிக்குச் சேதமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டும். தொழிற்சாலையை மூடி இடித்தாகிவிட்டது. இப்போது அங்கே மருந்துக் கடையின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. அவளுடைய விரல்களுக்கு மட்டும் அது தெரியவில்லை. சமைக்க மறந்து, மகளின் பெயரை மறந்து, கணவரை யாரோ என்று பார்க்க ஆரம்பித்தபிறகும் விரல்கள் பிரித்துக்கொண்டே இருந்தன. முதலில் திரைச்சீலையின் ஓரம். பிறகு மெத்தை உறை. பிறகு தன் சட்டையின் கைப்பகுதி. எதுவும் கிடைக்காவிட்டால் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வெளியே போய்விடுவாள். போன குளிர்காலத்தில் வீட்டுச் செருப்போடு மருந்துக் கடை முன்னால் பனியில் நின்றுகொண்டிருந்தவளை யாரோ அழைத்துவந்து விட்டார்கள்.

முதியோர் பராமரிப்பைக் கவனிக்கும் பெண் அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலில் காலணியைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"டொகாஷி சான், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை இப்படி வெளிய போனாங்கன்னா பூட்டு போட்ட வார்டுதான் பார்க்கணும். வாரத்துல மூணு நாள் பகல்ல எங்க நிலையம் பார்த்துக்கும். மிச்ச நாள்?"

"மிச்ச நாள் நான் இருக்கேன்."

"நீங்க இருக்கும்போதுதானே போனாங்க?"

அந்த வார்டில் ஒருமுறை அவர் தன் அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறார். அங்கே எல்லோருடைய கைகளும் போர்வையின் மேல் சும்மா கிடந்தன. மிசாவோவை அங்கே விடக்கூடாது என்பதைத் தவிர அதன்பிறகு அவருக்கு வேறு எண்ணம் இல்லை. வழி அவர் கண்ணெதிரேதான் இருந்தது. பிரிப்பதற்கு ஏதாவது கையில் இருக்கும்வரை அவள் எழுந்து போவதில்லை. ஆனால் எந்திரத் தையலைக் கத்தியோ கத்தரியோ இல்லாமல் பிரிக்க முடியாது. அவற்றையெல்லாம் அவர் ஒளித்து வைத்திருந்தார். கையால் தைத்ததுதான் வேண்டும். அதுவும் விரலாலேயே உருவக்கூடியதாக.

எனவே அவர் தைத்தார். அவள் பிரித்தாள்.

காலையில், அடியில் கணப்பு உள்ள தாழ்ந்த மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர் முதல் நாள் முடித்த துணியை நீட்டுவார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். அப்போது மட்டும் அவள் முகத்தில் குழப்பம் இருக்காது.

"யார் தைச்சது இது?"

"நான்தாங்க."

"எந்த லைன்?"

"மூணாவது லைன்."

"நினைச்சேன். மூணாவது லைன்ல எப்பவும் இப்படித்தான். கண்ணை எங்க வச்சுக்கிட்டுத் தைக்கிறீங்க?"

"மன்னிச்சுக்கங்க."

"மன்னிச்சு என்ன பண்றது? மறுபடி தைக்கப் போறது நீங்கதான்."

ஒரு நுனியைப் பிடித்து இழுப்பாள். ஒரு மாலை முழுக்க அவர் போட்ட வரிசைகள் ஒரு மூச்சில் வந்துவிடும். நூலை விரலில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைப்பாள். துணியை மடித்துத் தட்டிக் கொடுத்து, "சரியில்ல. திருப்பி அனுப்புங்க" என்பாள். அவர் அதை வாங்கி, இஸ்திரி போட்டு, அதே துளைகளில் மறுபடி தைப்பார்.

வகுப்பில் இது யாருக்கும் தெரியாது. கோடைக்குப் பிறகு ஒருநாள் அவருடைய சட்டைக் கைப் பொத்தான் தொங்குவதை ஹொம்மா சான் பார்த்துவிட்டார்.

"கையை நீட்டுங்க. தையல் வகுப்புக்கு வர்ற ஆளு இப்படியா வருவாங்க? முதல்ல கழட்டியாச்சுன்னு சொல்லுங்க."

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்றேன். உடம்புல கிடக்கிற துணியைத் தைக்கிறது செத்தவங்களுக்கு. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். சொல்லுங்க, எனக்குப் பேருந்து வந்துடும்."

"கழட்டியாச்சு."

ஊசி இறங்கியது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் நிறுத்திப் பொத்தான் தைக்கும்போது மிசாவோவும் இப்படித்தான் சொல்லவைப்பாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லாமல் நின்றால் ஊசியைக் காற்றில் பிடித்தபடியே காத்திருப்பாள். "ஏங்க, ரயிலு போயிடும், சொல்லித் தொலைங்க."

நவம்பரில் பொதுமன்றத்தின் கலைவிழா வந்தது. வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு துணி கொண்டுவந்து சுவரில் மாட்ட வேண்டும். யசுஜி ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். அதில் தையல் இல்லை. துளைகள் மட்டுமே இருந்தன. ஒரே துளைகளில் பலமுறை ஊசி போய்வந்ததால் துவைத்தும் அவை மூடவில்லை.

"இது என்ன, எறும்பு கடிச்சதா?" என்றார் ஹொம்மா சான். "வருஷம் முழுக்க தைச்சீங்களே, துணியெல்லாம் எங்க? வெளிய வித்துட்டீங்களா?"

"என் வீட்டுக்காரி பிரிச்சுட்டா."

"அட, அவ்வளவு மோசமாவா தைச்சீங்க?" என்று யாரோ சிரித்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் இகராஷி அந்தத் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு அதை ஜன்னலில் மாட்டினார்.

ஹொம்மா சானால் அதிக நேரம் பேசாமல் இருக்க முடியாது. "அப்போ இத்தனை நாள் நீங்க மட்டுமா தைச்சீங்க? எங்க வீட்டு அலமாரியைத் திறந்தா கோணல் தையலாத்தான் கொட்டும். அவங்க பிரிக்கட்டும். எனக்கும் இடம் கிடைக்கும்."

அடுத்த வாரமே பைகளில் துணிகள் வந்தன. பாதியில் விட்ட சணல் இலைத் தையல் கோலம், வரிசை தப்பிய அரிசிப் பூக் கோலம், பேரனுக்கென்று தொடங்கி மறந்த முகத்துண்டு. மிசாவோ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தாள். ஹொம்மா சானின் துணியைக் கையில் எடுத்தபோது மட்டும் இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

"இதை யார் தைச்சது?"

"ஹொம்மான்னு ஒருத்தர்."

"வேலையை விட்டு அனுப்பிடுங்க."

யசுஜி இதை வகுப்பில் சொன்னபோது ஹொம்மா சான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "வந்து கால்ல விழறேன்னு சொல்லுங்க. இந்த வயசுல எனக்கு வேற எங்க வேலை கிடைக்கும்?" அந்தச் சில வாரங்கள் யசுஜி பகலில்கூடக் கண்ணயர்ந்தார். மிசாவோ எங்கேயும் போகவில்லை.

ஜனவரியில் பனி கொட்டியது. கடலிலிருந்து வரும் காற்று பனியைத் தரையிலிருந்து மேலே வீசியது. வகுப்பை மார்ச் வரை நிறுத்தினார்கள். பகல் பராமரிப்பு நிலையத்தின் வண்டி பல நாள் வர முடியவில்லை. பைகளிலிருந்த துணிகள் தீர்ந்தன. மறுபடி அவர் ஒருவரின் தையல், அவள் ஒருத்தியின் விரல்கள்.

அவர் வேகமாகத் தைத்தார். தையல் பெரிதானது, நேர்கோடு தப்பியது. அவர் ஒரு வரிசையை முடிக்கும் முன்பே மறுநுனியிலிருந்து அவள் உருவத் தொடங்கிவிடுவாள். எதுவும் மிச்சமில்லாதபோது தன் கையின் தோலைக் கிள்ளினாள். ஒருநாள் அவர் மண்ணெண்ணெய் நிரப்பப் பின்கட்டுக்குப் போன நேரத்தில் முன்கதவு திறந்திருந்தது. பனி மேட்டின் அருகே அவளைப் பிடித்தார். கால்கள் சிவந்திருந்தன.

"விடுங்க, மணியடிச்சுட்டாங்க" என்றாள்.

"இன்னிக்கு லீவு."

"நீங்க யாரு, லீவு கொடுக்கறதுக்கு?"

இதைப் பராமரிப்புப் பெண்ணிடம் அவர் சொல்லவில்லை. அன்று மாலை புதிதாக ஒரு துணியை எடுத்து இரட்டை நூலில் தைக்கத் தொடங்கினார். சில தையலுக்கு ஒருமுறை நிறுத்தி, நூலைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டார். டீச்சர் பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியும். துணி உறுத்தியது, சுருங்கியது. பார்க்க அம்மை போட்ட தோல் மாதிரி இருந்தது. ஆனால் இழுத்தால் வரவில்லை.

மறுநாள் மிசாவோ அதை வாங்கிப் பார்த்தாள்.

"மூணாவது லைனா?"

"ஆமாங்க."

"கடவுளே" என்றாள்.

அன்று காலையிலிருந்து விளக்கு போடும்வரை அந்த ஒரு துணியோடு உட்கார்ந்திருந்தாள். நகத்தால் நெம்பினாள். பல் குத்தும் குச்சியால் கிளறினாள். கோபத்தில் முனகினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. யசுஜி முள்ளங்கி போட்டுச் சோயா சூப் வைத்தார், பாத்திரம் கழுவினார், கூரைப் பனியைத் தள்ளினார். திரும்பிவந்து பார்த்தபோதும் அவள் அதே இடத்தில் இருந்தாள். இப்படியே பனிக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. அடுத்த துணியில் இன்னும் நெருக்கமாக முடிச்சு போட்டார்.

பிஸ்கட் டப்பாவில் நூல் சேரவில்லை. அதை அவர் கவனிக்காமல் இல்லை. முடிச்சு அவிழவில்லை, அதனால் நூலும் இல்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனால் துணிகள் தையலில்லாமல்தான் அவர் கைக்குத் திரும்பி வந்தன.

தொழிற்சாலையில் அவிழாத முடிச்சைப் பல்லால் கடித்து எடுப்பார்கள். திருத்தப் பிரிவில் இருந்த எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். கடித்ததைப் பக்கத்திலுள்ள குப்பைக் கூடையில் துப்புவார்கள். மிசாவோவுக்குக் கடிப்பது நினைவிருந்தது. துப்புவது மறந்துவிட்டது.

பிப்ரவரியில் அவள் சாப்பிட மறுத்தாள். பிறகு பச்சையாக வாந்தி எடுத்தாள். வயிறு மத்தளம் போல உப்பியது. பனி வாரும் வண்டி முன்னால் போக, ஆம்புலன்ஸ் பின்னால் போனது. அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர் இளைஞர். கையில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் வைத்திருந்தார். அதில் ஈரமான, சாம்பல் நிறமான ஒரு பந்து இருந்தது.

"நூல்" என்றார். "முடிச்சு முடிச்சா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டிருந்தது. வெறும் நூலா இருந்திருந்தா ஒருவேளை தானாவே வெளிய போயிருக்கும். வீட்டுல யாராவது தையல் வேலை பண்றாங்களா?"

"நான்தான்" என்றார் யசுஜி.

மருத்துவர் தலையசைத்துவிட்டு, குடலில் எவ்வளவு வெட்டி எடுத்தார்கள் என்று விளக்கத் தொடங்கினார்.

மிசாவோ வீடு திரும்பவில்லை. விழுங்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். விரல்கள் அந்தக் குழாயைத் தேடிப் போயின. அதனால் இரண்டு கைகளிலும் உறை மாட்டினார்கள். விரல்களுக்கு இடமில்லாத, உள்ளங்கையில் தடித்த அட்டை வைத்த, மணிக்கட்டில் பட்டையால் கட்டும் வெள்ளை உறைகள். அறுவை ஆறியதும் நீண்டகால வார்டுக்கு மாற்றினார்கள். பராமரிப்புப் பெண் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "இங்க வெளிய போகவாவது மாட்டாங்க" என்றாள். சொன்னபிறகு அவளே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச்சில் வகுப்பு மறுபடி தொடங்கியது. யசுஜி போகவில்லை. ஹொம்மா சான் ஒருமுறை வார்டுக்கு வந்தார். கட்டிலருகே நின்று, "ஹொம்மா வந்திருக்கேன், மிசாவோ சான். வேலையை விட்டு அனுப்பினீங்களே, அந்த ஹொம்மா" என்றார். மிசாவோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் கொண்டுவந்த கோணல் துணிகளை ஹொம்மா சான் வெளியே எடுக்கவேயில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை செவிலி யசுஜியை நடைவழியில் நிறுத்தினாள்.

"டொகாஷி சான், நீங்க தையல் கத்துக்கிட்டீங்களாமே? இடது கை உறையைப் பல்லால கடிச்சு ஓரத்தைப் பிரிச்சுட்டாங்க. கையிருப்புல வேற இல்ல, திங்கட்கிழமைதான் வரும். கொஞ்சம் தைச்சுத் தர முடியுமா?"

"கழட்டிக் கொடுங்க, தைச்சுடறேன்."

"கழட்ட முடியலையே. காலையில ஒரு நிமிஷம் விட்டதுக்குள்ள குழாயைப் பிடுங்கிட்டாங்க. மறுபடி போடும்போது ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க. கையில இருக்கும்போதே தைக்க முடியுமா?"

தையல் பொட்டலம் இன்னும் அவர் பையில்தான் இருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிழிசல் வழியாக அவளுடைய சுண்டுவிரல் வெளியே வந்திருந்தது. அதன் நகம் வெட்டப்பட்டிருந்தது. விரலை மெல்ல உள்ளே தள்ளினார். இரட்டை நூல் கோத்தார்.

ஊசியைக் கண்டதும் மிசாவோவின் கண்கள் கூரையிலிருந்து இறங்கின.

"கழட்டியாச்சுன்னு சொல்லு" என்றார்.

அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிசாவோ. கழட்டியாச்சு. சொல்லு."

அவர் ஊசியைக் காற்றில் பிடித்தபடி காத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். செவிலி எட்டிப் பார்த்து, "ஏதாவது வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அவளுக்காக அவரே சொன்னார்: "கழட்டியாச்சு."

தடித்த துணி. சின்னச் சின்னதாக, நெருக்கமாகத் தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு போட்டார். முடிச்சுகள் எல்லாம் உள்பக்கம் போய்விடும்படி, பல்லுக்கு அகப்படாதபடி மடிப்பின் உள்ளே தள்ளி அழுத்தினார். கடைசியில் கத்தரி இல்லை. அதை எப்போதோ வீட்டில் ஒளித்து வைத்தவர், எங்கே என்று மறந்துவிட்டார். குனிந்து நூலைப் பல்லால் கடித்தார்.

மிசாவோ கையைத் தூக்கினாள். உறையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வலது கை உறையின் தட்டையான முனையால் தையலின் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் நின்று, மறுபடி அழுத்தினாள். குழாய் உரசிய தொண்டையிலிருந்து, வார்டுக்கு வந்தபிறகு முதல்முறையாக ஒரு குரல் வந்தது.

"எந்த லைன்?"

"மூணாவது லைன்" என்றார் யசுஜி.

"சரியா இருக்கு" என்றாள். "இதை அனுப்பிடலாம்."

கையைப் போர்வையின் மேல் வைத்தாள். அதன்பிறகு அதைத் தூக்கவில்லை. செவிலி வந்து மணிக்கட்டுப் பட்டையில் விரல் விட்டுச் சரிபார்த்தாள். "அடேயப்பா, புதுசு மாதிரி இருக்கு. இனிமே பிரியாது" என்று நன்றி சொன்னாள். யசுஜி தலையை மட்டும் ஆட்டினார். கடித்த நூலின் துணுக்கு இன்னும் அவர் வாயில் இருந்தது.